டிக்கியில் மூன்று நாள் இருந்த கேபர்னே

கார்த்தி,

முதலில் கொஞ்சம் சிரித்துவிட்டுப் படி. வேளச்சேரி மாலுக்குள், துணிக்கடைப் பொம்மை மாதிரி பாட்டில்களுக்கு விளக்குப் போட்டு நிற்க வைத்திருக்கும் அந்த ஏசி மதுக்கடையில், உன் அப்பன் இருபது நிமிஷம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான். சிவப்பு ஒயின் வரிசைக்கு எதிரே போய் நின்று ஒவ்வொரு லேபிளாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூச்சு பட்டு ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதையும் துடைத்துக்கொண்டு படித்தேன். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி வந்து தோளைத் தட்டினார். “சார், ஹெல்மெட்ட கயட்டு சார். கேமராவுல மூஞ்சி தெர்லன்னு உள்ள சவுண்டு வுட்றாங்க. இன்னாடா இது, திருட வந்தவன் இவ்ளோ நேரமா செலக்ட் பண்றான்னு நானே யோசிச்சிகினு கீறேன்.” நானும் ரிட்டயர் ஆன பிறகு நாவலூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக நின்றவன்தான். எத்தனை பேரை இதே மாதிரி தோளைத் தட்டிக் கழற்ற வைத்திருப்பேன்! கழற்றினேன். கழற்றியதுதான் தாமதம், பின்னாலிருந்து நம் காலனி சங்கச் செயலாளரின் குரல், கடை முழுக்கக் கேட்கும்படி: “அடடே, நம்ம கோட்டா சார்! என்ன சார், கேன்டீன விட்டுட்டு இங்க வந்துட்டீங்க?”

இது நடந்தது மார்ச் மாதம், நீ கட்டிக்கொள்ளப் போகும் தீபிகாவின் அப்பா முதல்முறை நம் வீட்டுக்குச் சாப்பிட வருவதற்கு மூன்று நாள் முன்பு. இதை இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், நேற்று நீ போனில் கேட்ட கேள்வி. அடுத்த வாரம் கல்யாணம் முடிந்து, ஓ.எம்.ஆர். ஹோட்டலில் உன் ஆபீஸ் நண்பர்களுக்குக் கொடுக்கும் விருந்துக்கு உன் மாமனாருடைய கேபர்னே ஒயினை இரண்டு பெட்டி வாங்கலாமா என்று கேட்டாய். “அம்மா என்ன சொல்வாங்கன்னு தெரியல, நீங்க பேசி சம்மதம் வாங்குங்கப்பா” என்றாய். பால்காரர் வந்திருக்கிறார் என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு எந்தப் பால்காரர் வருகிறார்? நீயும் கேட்கவில்லை. பதில் போனில் அடங்காது, கார்த்தி. ரொம்ப நாளைக்கு அப்புறம் பேனா பிடிக்கிறேன். பத்தாவது பாஸானவன் எழுத்து. தப்பு இருந்தால் சாஃப்ட்வேர் போட்டுத் திருத்திக்கொள்.

கோட்டா சார் என்ற பேரை நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். அது எப்படி வந்தது என்று யோசித்திருக்க மாட்டாய். நான் விமானப்படையில் வண்டி ஓட்டியவன். ஸ்கூலில் நீ பெருமையாக “எங்கப்பா ஏர்ஃபோர்ஸ்” என்று சொல்லி, எந்த பிளேன் ஓட்டுகிறார் என்று பசங்கள் கேட்டபோது “லாரி” என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த வேலை முடிந்து வந்த பிறகும் எனக்கு மிலிட்டரி கேன்டீன் கார்டு இருந்தது. அதில் மாதாமாதம் மலிவு விலையில் இத்தனை பாட்டில் சரக்கு என்று ஒரு கோட்டா. நான் குடிக்க மாட்டேன். வாசனை பட்டாலே தும்மல் வரும். ஆனால் அப்போது ஒரு மாதம்கூட வாங்காமல் விட்டதில்லை. பிளம்பர் வர வேண்டுமா, போர்வெல் மோட்டாரை ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டுமா, வாசலில் கொட்டிய மணலை மழைக்கு முன்னால் மாடிக்கு ஏற்ற வேண்டுமா, மஞ்சப் பையில் பேப்பர் சுற்றி ஒன்று கொடுத்தால் வேலை முடிந்தது. கேம்ப் ரோட்டிலிருந்து சேலையூர் வரை எனக்கு இருந்த மரியாதை மொத்தமும் அந்தப் பைக்கு இருந்த மரியாதை. எனக்கென்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். குடிக்காதவன் என்ற திமிர் வேறு.

உன் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குப் பிடிக்காது, ஆனால் வீடு கட்டுகிற நேரம், வாயை மூடிக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அடுப்படியில் நின்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஊருக்கெல்லாம் குடுத்துக்கங்க. என் தம்பிக்கு மட்டும் குடுக்காதீங்க. அவன் தாங்க மாட்டான்.” சரி என்றேன். அவள் கையை நீட்டினாள். நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சேகர் மாமாவை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பள்ளிக்கரணையில் இருந்தான், கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் மேஸ்திரி. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டே ஏணி ஏறுவான். நீ பன்னிரண்டாவது படித்தபோது போய்விட்டான். ஈரல் கெட்டுப்போய், மஞ்சளாகி, கடைசியில் வயிறு மட்டும்தான் இருந்தது. உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உனக்குத் தெரியாதது இனிமேல் வருகிறது. கேன்டீனுக்குப் போய் வரும் நாளில் அவன் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில், கிழக்குப் பக்கப் படிக்கட்டில் காத்திருப்பான். நான் மஞ்சப் பையிலிருந்து எடுத்து அவனுடைய சாப்பாட்டுப் பையில் வைப்பேன். கீழே ரயில் போகும், மேலே ஆயிரம் ஜனம் இடித்துக்கொண்டு போகும், எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்? “மாமா, நீ தெய்வம் மாமா” என்பான். “அக்காக்கு தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா?” என்பான். “நீ வாயைத் திறக்காதே, நானும் திறக்க மாட்டேன்” என்பேன். இரண்டு பேரும் ஏதோ ராணுவ ரகசியத்தைக் கைமாற்றுகிற மாதிரி சிரித்துக்கொள்வோம்.

எனக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். வெளியில் கண்டதைக் குடித்து வீணாவதைவிட, கேன்டீன் சரக்கு சுத்தமானது, அளவாகத்தான் கொடுக்கிறோம், நம் கண்ணில் இருக்கிறான் என்று. அந்த நியாயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அவன் நம் மாடியைக் கட்டிக்கொண்டிருந்தான். கூலி கேட்க மாட்டான். “அக்கா வீட்டுல காசா?” என்பான். நீ உட்கார்ந்து படித்த அந்த ரூம், அந்தக் கூரை, ஜன்னல் மேலே வளைவாக வேண்டும் என்று நீ அடம்பிடித்தபோது அவன் தகடு வளைத்து ஊற்றிக் கொடுத்த அந்த சன்ஷேட், எல்லாம் அந்தப் படிக்கட்டில் கைமாறிய பைகளால் எழும்பியது. குடிக்கிறவனுக்கு ஊற்றிக் கொடுத்து வேலை வாங்கினேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவனை எடுத்துக்கொண்டு போன அன்று உன் அம்மா வாசலில் உட்கார்ந்து, “எவன் கொண்டாந்து குடுத்தானோ அவன் கை வெளங்காமப் போவ” என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கையால்தான். அந்த மாதத்திலிருந்து கோட்டா வாங்குவதை நிறுத்தினேன். அதற்கு உன் அம்மா என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாள் தெரியுமா? “என் தம்பி போன துக்கத்துல கோட்டாவையே வேணாம்னுட்டாரு” என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னாள். அவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது நான் கடைக்குப் போன அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீ காலையில் போன் செய்தாய். ஓசூர் பக்கம் திராட்சை விவசாயம் செய்யும் தீபிகாவின் அப்பா முனிராஜ், ஒயினுக்கென்றே கேபர்னே என்கிற திராட்சையைப் பத்து வருஷமாக வளர்த்து, கடன் வாங்கி ஒயின் ஆலை போட்டு, முதல் கேபர்னேயை இப்போதுதான் வெளியே விட்டிருக்கிறார் என்றாய். “நம்ம ஊர் கடைக்கே வந்திருச்சுப்பா. ஞாயித்துக்கிழமை அவர் வரும்போது நாமளா வாங்குன ஒரு பாட்டில் டேபிள்ல இருக்கட்டும். யாரும் குடிக்கக்கூட வேணாம். அவர் தொழிலை நாம கேவலமா நினைக்கலன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். தீபி ரொம்பப் பயந்துக்கிட்டிருக்கா” என்றாய். நான் இழுத்தேன். உனக்குக் கோபம் வந்தது. “ஒரு பாட்டில் வாங்க என்னப்பா கஷ்டம்? அம்மாகிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க. மாமாவுக்காக கோட்டாவையே விட்டவரு நீங்க” என்றாய். போனை வைத்த பிறகு அரைமணி நேரம் நான் ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடையில் அந்தச் செயலாளர் கைகொடுத்துவிட்டு ஒரு பெரிய பையோடு போனதும், கடைக்காரத் தம்பி ஒருவர் வந்து, “சார், கிஃப்ட்டா, வீட்டுக்கா?” என்றார். “ரெண்டும் இல்ல” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் தேடியது கீழ் வரிசையில் இருந்தது. லேபிளில் ஒரு பாறைக் குன்று, அதன் கீழே வரிசையாகக் கொடிகள், ஓரத்தில் சின்னதாக ஒரு மாட்டுக் கொட்டகை. அந்த மாட்டுக் கொட்டகையை வரைந்தது தீபிகா என்று நீ சொல்லியிருந்தாய். எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். வாங்காமல் போனால், பெண்ணைப் பெற்றவர் நம் வீட்டில் உட்கார்ந்து தலைகுனிய வேண்டும், அதற்கு நீ வாழ்நாள் முழுக்க என்னைக் குற்றம் சொல்வாய். வாங்கிப் போனால், கோட்டாவையே விட்டவர் இதை ஏன் வாங்கினீர்கள் என்று உன் அம்மா கேட்பாள். கேட்டால் ஒரு நூல் இழுபடும். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரியும் சட்டை நான் போட்டிருக்கிறேன். ஆயிரம் பாட்டிலை ஒரு யோசனையும் இல்லாமல் கைமாற்றியவன், ஒரு பாட்டிலை வாங்க முடியாமல் வியர்த்துக்கொண்டு நின்றேன். “சார், இது நல்ல பாடி சார், வாயில கனமா நிக்கும்” என்றார் கடைக்காரத் தம்பி. “என் பாடிதான் தாங்கல தம்பி, பில் போடு” என்றேன்.

வாங்கினேனே தவிர வீட்டுக்குள் கொண்டுபோகத் தைரியம் இல்லை. பழைய புத்தி எங்கே போகும்? பேப்பரில் சுற்றி, மஞ்சப் பையில் போட்டு, ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி டிக்கிக்குள் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன், அவள் மாவரைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன், திரைச்சீலையெல்லாம் துவைத்துக் களைத்துப் படுத்திருந்தாள். சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் எப்போதும் வீட்டிலேயே கிடைக்கும், கடைக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிறு வந்தது. நீ வந்ததும் வராததுமாகக் கண்ணாலேயே கேட்டாய். நானும் கண்ணாலேயே “இரு” என்றேன். அதற்குள் வாசலில் கார்.

முனிராஜை நான் கோட்டு போட்ட ஆளாக நினைத்திருந்தேன். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டை, விரலெல்லாம் கறை. ஒரு அட்டைப் பெட்டி நிறையத் திராட்சை மட்டும் கொண்டுவந்திருந்தார். உன் அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். “தேனாட்டம் இருக்கு. ஆனா கொட்டை பெருசா இருக்கே” என்றாள். “சாப்புடற ஜாதி இல்லம்மா இது. சும்மா காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்” என்றார் அவர். தீபிகா தண்ணீர் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா விடவில்லை. “ஒயினுக்கா?” என்றாள். “ஆமாங்கம்மா.” எல்லாரும் இலையைப் பார்த்தோம்.

“என் தம்பி குடிச்சே போனான். கார்த்தி சொல்லியிருப்பான்” என்றாள்.

“சொன்னாருங்கம்மா. அதனாலதான் பாட்டில் எதுவும் எடுத்துட்டு வரல. வெறும் பழத்தோட வந்தேன். இந்த வீட்ல என் தொழிலைப் பத்திப் பேச வேணாம்னா பேசல. ஆனா பொண்ணுக்காகப் பொய் சொல்லி, ஜூஸ் கம்பெனின்னு சொல்றதுக்கு மனசு வரல” என்றார்.

அந்த மனிதர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பார்த்தாயா? சோற்றில் கை வைத்தபடியே சொன்னார். உன் அம்மா சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இலையாக வந்தாள். “உங்க மேல எனக்கு என்னங்க கோவம்? நீங்க போர்டு மாட்டிப் பண்றீங்க. அவனுக்கு வேணாம்னு தெரிஞ்சே ஒருத்தன் மறைச்சு மறைச்சுக் கொண்டாந்து குடுத்தான் பாருங்க, எனக்கு அவன் மேலதான்” என்றாள். சொல்லும்போது என் இலைக்கு வந்திருந்தாள். போதும் என்று நான் கையை நீட்டினேன். கை மேலேயே ஊற்றிவிட்டாள். சூடு. வாயைத் திறக்காமல் துடைத்துக்கொண்டேன். நீ அதைக் கவனிக்கவில்லை. அடுத்து அவள் சொன்னதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். “ஏங்க, அந்த வண்டி டிக்கில வெச்சிருக்கீங்களே, அத எடுத்துட்டு வாங்க. வியாழக்கிழமைலேர்ந்து வெயில்ல கெடக்குது.”

வெள்ளிக்கிழமை, நான் டிக்கியில் மறந்து வைத்த தேங்காயை எடுக்கப் போனவள் பாட்டிலையும் பில்லையும் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் எனக்குக் காபி கொடுத்தாள், சட்டைக்குப் பட்டன் தைத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாள். எழுந்து போனேன். கொண்டுவந்து கொடுத்ததும் முனிராஜ் புறங்கையை பாட்டிலில் வைத்துப் பார்த்தார். “சார், ஜுரம் அடிக்குதே! எத்தன நாளா வண்டிக்குள்ள?” “மூணு.” கண்ணை மூடிக்கொண்டார். “ரெண்டு வருஷம் இருட்டு ரூம்ல குளுகுளுன்னு தூங்க வெச்சேன் சார் இத. தாம்பரம் வெயில்ல ஒரே தட்டுல எழுப்பிட்டீங்களே. கார்க் மூடியே தலையத் தூக்கிடுச்சு பாருங்க.” முதலில் தீபிகாதான் சிரித்தாள். அப்புறம் நீ, அப்புறம் அவர். அந்தச் சிரிப்பிலேயே உன் கல்யாணம் முடிவாகிவிட்டது. உன் அம்மா பாட்டிலைத் துடைத்து டேபிள் நடுவில் வைத்தாள். “இருக்கட்டும். சம்பந்தி கையால பண்ணது. யாரும் தொறக்க வேணாம்” என்றாள். இன்றைக்கும் யாரும் திறக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேலே நிற்கிறது. வாரம் ஒருமுறை அவளே தூசி தட்டுகிறாள்.

ஆகவே, இரண்டு பெட்டி கேபர்னே வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: எனக்குத் தெரியாது, அதைக் கேட்க வேண்டிய ஆளும் நான் இல்லை. உன் அம்மாவிடம் நீயே கேள். என் வழியாக வேண்டாம். நான் ஒரு காலத்தில் பை மாற்றிக் கொடுத்தவன், இனிமேல் வார்த்தையையும் அப்படி மாற்றிக் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை. அவள் வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் விட்டுவிடு, உன் மாமனார் புரிந்துகொள்வார், அவர் பழத்தோடு வந்தவர். சரி என்றால் எல்லாருக்கும் தெரியும்படி வாங்கி வை. நாளைக்கு தீபிகாவிடம் ஏதோ ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், அவள் களைத்திருக்கிறாள், அப்புறம் சொல்லலாம் என்று தோன்றும். அப்போது இந்த அப்பனின் டிக்கியை நினைத்துக்கொள். வேறு எந்த விஷயத்திலும் நீ என்னிடம் புத்திமதி கேட்காதே. நான் ஹெல்மெட்டோடு ஒயின் வாங்கப் போனவன்.

இந்தக் கடிதத்தை ஒட்டப் போவதில்லை. திறந்தபடியே ஃப்ரிட்ஜ் மேலே, அந்த பாட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். நாளைக்கு அவள் தூசி தட்டுகிற நாள். அவள் படித்த பிறகு உனக்கு வந்து சேரும். வந்து சேராவிட்டாலும் நியாயம்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று நீ அவர்களை வழியனுப்பப் போன பிறகு, உன் அம்மா டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைத் தூக்கி, அது நின்ற இடத்தைத் துடைத்து, அங்கேயே வைத்தாள். என் பக்கம் திரும்பாமல், “எதுக்கு மறைச்சீங்க?” என்றாள். “உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு.” “வேற எதுனா மறைச்சிருக்கீங்களா?” துணி நின்றுவிட்டது. சுட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “இல்ல” என்றேன். அவள் மறுபடியும், ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைக்க ஆரம்பித்தாள். வாய்வரைக்கும் வந்து, பல்லுக்குப் பின்னால் நின்றுபோனது இதுதான்:

‘விஜி, அந்தப் படிக்கட்டுல உன் தம்பிக்குக் குடுத்தவன் நான்தான்.’